கையெழுத்துக்கு முன்

கட்டிலில் சாய்ந்திருந்தவர் ஒப்புதல் படிவத்தின் முதல் பக்கத்தையே பத்து நிமிடமாகப் படித்துக்கொண்டிருந்தார். கையில் பென்சில்.

பக்கத்தில் நின்ற எலும்பு டாக்டர் கடிகாரத்தையும் பென்சிலையும் மாறி மாறிப் பார்த்தார்.

முட்டி மாற்றிக்கொள்ள வருகிறவர்கள் யாரும் அந்தப் படிவத்தைப் படிப்பதில்லை. எங்கே கையெழுத்து என்று கேட்டுப் போட்டுவிட்டுப் படுத்துவிடுவார்கள். இவரோ வரிக்கு வரி பென்சிலை நகர்த்தினார். நடுநடுவே உச்சுக் கொட்டினார். ஓரத்தில் ஏதோ குறித்தார்.

நர்ஸ் டாக்டரின் காதருகே வந்தாள். "வக்கீல்னு நினைக்கிறேன் டாக்டர். பாத்து."

அது போதும். மூன்று வருடத்துக்கு முன் ஒருவரின் முழங்கை டாக்டரைக் கோர்ட்டு வரை இழுத்திருந்தது. கேஸ் ஜெயித்தது, தலைமுடி போனது. அன்றிலிருந்து சூடு கண்ட பூனைதான்.

கேட்காமலே விளக்க ஆரம்பித்தார். சீழ் பிடிக்கலாம், ரத்தம் கட்டலாம், கால் ஒரு நூல் குட்டையாகலாம் என்று ஒன்றுவிடாமல் சொன்னார். சொன்னதையே மறுபடி சொன்னார். மயக்க மருந்து டாக்டரைக் கூப்பிட்டுச் சாட்சிக்கு நிறுத்திக்கொண்டு மூன்றாம் முறையும் சொன்னார்.

படித்துக்கொண்டிருந்தவர் தலை நிமிரவில்லை. 'ம்' மட்டும் கொட்டினார்.

அவருக்கு இரண்டு முட்டியும் தேய்ந்தவைதான். ஒன்று இன்று, மற்றது அடுத்த வருடம் என்று ஏற்பாடு. எந்தக் கால் என்று அம்புக்குறி போடுவது உதவி டாக்டரின் வேலை. இன்று பெரிய டாக்டரே பேனாவை வாங்கிக்கொண்டார். ஃபைலில் இருந்த படிவத்தின் நகலை ஒருமுறைக்கு இருமுறை பார்த்து, முட்டிக்கு மேல் கெட்டியாக ஓர் அம்பு போட்டுப் போர்வையை இழுத்துவிட்டார்.

பென்சில் கடைசிப் பக்கத்தைத் தொட்டது. பொறுக்கமாட்டாமல், சார் எந்தக் கோர்ட்டில் பிராக்டீஸ் செய்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டேவிட்டார்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"கோர்ட்டா? நான் அச்சாபீசுல பிழை திருத்துறவன் டாக்டர். எழுத்துப்பிழை பதினொண்ணு இருக்கு, அது கிடக்கட்டும். நாலாம் பக்கத்துல வலதுன்னு வர வேண்டிய இடத்துல இடதுன்னு போட்டிருக்காங்க. அதை மட்டும் மாத்திடுங்க, கையெழுத்துப் போட்டுடறேன்."

நர்ஸ் டாக்டரைத் திரும்பிப் பார்த்தாள்.

டாக்டர் போர்வையை விலக்கி, ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் அவருடைய இடது முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.