சைடுபாரில் கங்காதரன்

"என் படம் எங்க, தோழர்?"

காலை ஏழு மணிக்குக் காலிங் பெல் அடித்துவிட்டு கங்காதரன் கேட்ட முதல் கேள்வி இது.

சுபத்ரா தோசைக் கரண்டியோடு நின்றாள். "எந்தப் படம் சார்?"

"நம்ம சங்கத்து வெப்சைட்ல. செயலாளர் படம் இல்லாம ஒரு சங்கமா?"

செம்பாக்கம் ஏரிக்கரையில் இருக்கும் நான்கு தெருக்களின் சங்கத்துக்கு அவர் செயலாளர். தண்ணீருக்கும் தெருவிளக்குக்கும் மறியல் செய்தே நரைத்தவர். தண்ணீர் வந்தது. திறப்பு விழாக் கல்வெட்டில் வேறு யார் யார் பெயரோ இருந்தது.

வெப்சைட் செய்தது சுபத்ரா. கோடிங்கில் ஓர் எழுத்து தெரியாது. இலவச டெம்ப்ளேட் ஒன்றைப் பிடித்து, பெட்டி பெட்டியாக இழுத்து வைத்து, தானே கற்றுக்கொண்டு பத்து நாளில் முடித்தாள். முந்தாநாள்தான் வெளியிட்டார்கள். முதல் பக்கத்திலேயே, ஏரியில் கழிவுநீர் கொட்டும் டேங்கர் லாரி, நம்பர் பிளேட்டோடு. மொட்டை மாடியிலிருந்து அவளே எடுத்த படம்.

வலது பக்க சைடுபாரில் ஒரு சின்னப் பெட்டி: "பக்கம் அமைத்தவர், படம் எடுத்தவர்: சுபத்ரா, மூன்றாவது தெரு."

கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் கேஸ் சிலிண்டர் புத்தகத்தில்கூட ஏறாத பெயர். முந்தாநாளிலிருந்து அந்தப் பெட்டியை மட்டும் இருபது தடவை பார்த்துவிட்டாள்.

லேப்டாப்பைத் திறந்தாள். "உங்க படம் எங்க வைக்கணும்?"

கங்காதரன் திரையில் விரலை வைத்தார். "இங்க."

"அங்க என் பேர் இருக்கு சார்."

"அதைத்தான் சொல்றேன். எடுத்துடு."

"ரெண்டும் இருக்கட்டுமே. இழுத்தா நகரும், பாருங்க."

"நோட்டீஸ்ல ரெண்டு தலைவர் படம் போட்டா சங்கம் ரெண்டாயிடும். நாற்பது வருஷமா பார்த்துட்டிருக்கேன்."

சுபத்ரா அந்தப் பெட்டியை இன்னொரு தடவை படித்தாள். செயலாளர் சொல்லும்போது என்ன செய்வது? பெட்டியைத் தொட்டாள். நிச்சயமாக நீக்க வேண்டுமா என்று திரை கேட்டது.

"ஆமா, ஆமா" என்று திரைக்கே பதில் சொன்னார் கங்காதரன்.

பெயர் போனது. அந்த இடத்தில், மைக்கைப் பிடித்து வாயைத் திறந்தபடி கங்காதரன் வந்து உட்கார்ந்தார்.

"சின்னதா இருக்கே."

"சைடுபார் அகலமே அவ்வளவுதான்."

"அகலப்படுத்து."

"லாரி நசுங்கும் சார்."

"நசுங்கட்டும். நம்பர் மட்டும் தெரியணும். கீழ எழுது. பக்கம் அமைத்தவர், படம் எடுத்தவர், எழுதியவர், எல்லாம் போராளி கங்காதரன்."

"படமும் நீங்க எடுத்ததா? வாட்ஸ்அப்ல வர்ற படத்தைத் திறக்கவே நேத்து என்கிட்டதான கேட்டீங்க?"

"அது நேத்து. போன் நம்பர் போடு, சிவப்புல. வீட்டு அட்ரஸும் போடு, கதவு நம்பரோட."

"கல்யாணப் பத்திரிகையா சார் இது?"

"போடும்மா."

போட்டாள். அவர் தன் போனில் திறந்து பார்த்துப் பதறினார். "ஐயையோ, நான் இல்லவே இல்லையே!"

"போன்ல சைடுபார் கடைசிக்குப் போயிடும் சார். கீழ தள்ளிப் பாருங்க."

தள்ளினார். லாரி போனது, குப்பை வண்டி வரும் நேரம் போனது, ஆம்புலன்ஸ் நம்பர் போனது.

"இதோ இருக்கேன். கால்மாட்டுல கெடக்கேன். மேல ஏத்து."

"இதுவே நல்லாத்தான்..."

"எல்லாரும் போன்லதான்மா பார்க்கிறாங்க. லாரியைப் பார்த்த கண்ணு அடுத்து என் மூஞ்சியைப் பார்க்கணும்."

அரை மணி நேரம் செட்டிங்ஸில் தேடி, பெட்டியைப் பிடித்து இழுத்து லாரிக்கு நேர் கீழே வைத்தாள். கங்காதரன் மூன்று முறை பார்த்துத் திருப்தியாகி, காபிகூடக் குடிக்காமல் கிளம்பினார்.

பத்து மணிக்கு சங்கத் தலைவர் வில்பிரட் போனில் வந்தார். "என்னம்மா இது, லாரிக்குக் கீழ கங்காதரன் மூஞ்சி? லாரி ஓனர்னு நெனச்சிட்டேன்."

"என் பேரை எடுத்துட்டு வைக்கச் சொன்னார் சார்."

"அந்த ஆளு விளம்பரப் பைத்தியம்மா. அடுத்தவன் சாவு போஸ்டர்லயும் தன் படம்தான் பெருசா இருக்கணும்பார். நீ விடாத. நேரா போய்க் கேளு."

சாயங்காலம் போனாள். "உழைச்சது நான், பேர் உங்களுக்கா?" என்ற ஒரே வாக்கியத்தை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள்.

கங்காதரன் மனைவி பூவம்மாள் கதவைத் திறந்தாள். "வா சுபத்ரா. அவரு போன்ல கீறாரு. காலைலேர்ந்து இதே பேஜார். எவன் எவனோ கூப்ட்டு, கேக்க முடியாத பேச்சா பேசிகினு கீறானுங்க. ஆஃப் பண்ணுய்யான்னா கேக்க மாட்டேங்கறாரு."

உள்ளே கங்காதரன் குரல் நிதானமாகக் கேட்டது.

"நேத்து டீக்கடையில மூணாவது தெருவுக்கு வழி கேட்டது நீதானா? சுபத்ராவா? அப்படி யாரும் இல்லப்பா. அது கம்ப்யூட்டர் தானா போட்டுகின பேரு... ஆமா, லாரிய படம் புடிச்சதும் நான்தான், போட்டதும் நான்தான்... இன்னாத்துக்குக் கத்தற? படத்தைக் கீழ தள்ளிப் பாரு, கதவு நம்பரோட போட்டு வெச்சிக்கீறேன். அடிக்க வர்றவன் வூடு மாறிப் போயிடக் கூடாது இல்ல?"