இன்னொருக்கா மிதி

“பிரேக் சரியானதும் என்னைத் திருமங்கலத்துல எங்கம்மா வீட்ல விட்டுரணும்” என்று வெடித்துவிட்டு, ஸ்டியரிங் முன் உட்கார்ந்தாள் ஜெசிந்தா.

பிரேக்கின் மாஸ்டர் சிலிண்டரை மாற்றிய கணவன் ஆல்பின் காருக்கடியில் இருந்தான். பிரேக் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற, பெடலை மிதிக்க வேறு ஆளில்லை.

“காத்து போயிட்டா பெடல் கல்லு மாதிரி இறுகிரும். அப்பச் சொல்லு. மிதி.”

“மிதிச்சாச்சு.”

“அப்படியே பிடி... விடு. இன்னொருக்கா.”

நான்கு சக்கரத்தையும் முடித்து, மறுபடி முதல் சக்கரத்துக்கு வந்தான்.

“இன்னுமாங்க காத்து வருது?”

“அம்புட்டும் குமிழியா வருது ஜெசி. பெடல் எப்படி இருக்கு?”

காற்று வெளியேற அவன் கையில் பிடித்திருந்த டியூபில் குமிழி நின்று வெகுநேரமாகியிருந்தது.

அவள் காலடியில் பெடல் கல்லாக இறுகியிருந்தது.

“மெத்துன்னுதாங்க இருக்கு” என்றாள். “மிதிக்கவா?”