நெற்றியில் கிரேக்கம்

பைபிளைக் கன்னடத்தில் பெயர்க்கும் இரண்டு வெள்ளைக்காரப் பாதிரிகளுக்குப் பண்டிதராக இருந்த ஜகதீசன், அன்று எலுமிச்சம்பழம் அளவு வீங்கிய நெற்றியோடு தேவராஜ மொஹல்லா வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

"ஏன்னா, யார் அடிச்சா?" என்று பதறினாள் கனகலக்ஷ்மி.

"பெரிய பாதிரி கிரேக்க அகராதியைத் தூக்கிச் சின்னவர் மேலே விட்டெறிஞ்சார். சின்னவர் குனிஞ்சுட்டார். பின்னாலே நான்."

"படிச்சவாளுக்குள்ளே அப்படி என்ன சண்டை?"

"எல்லாம் ஒரு வினைச்சொல்லுக்காக. கிரேக்க இலக்கணப்படி அதை ஒருதரம் செஞ்சாப் போதும்னு பெரியவர். வாழ்நாள் பூரா செஞ்சுண்டே இருக்கணும்னு சின்னவர். மாசக்கணக்கா முகம் குடுத்துப் பேசிக்கறதில்லே. இன்னிக்கு அகராதி வரைக்கும் வந்துடுத்து."

மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டே அவள் கேட்டாள்: "அப்படி எதைத்தான் செய்யணுமாம்?"

ஜகதீசன் வலியில் முனகினார்.

"அடுத்தவாளை மன்னிக்கணுமாம்."