சம்பந்தியின் ஆலயத்தில் உச்சஸ்தாயி

மேடையில் என் தம்பி, அவன் மனைவி, கீபோர்டில் அவர்கள் மகள். முன்வரிசையில் நான், என் பக்கத்தில் என் மகளின் மாமனார். ஊர் ஊராகத் தேவாலயங்களில் பாடும் குடும்பம், உறவு பார்க்க வந்த இடத்திலும் பாடுகிறது. ஜன்னல் வெயில் மைக் கம்பியில் பளபளக்கிறது. நேற்று வேறோர் ஆலயத்தில் தன் பாட்டுக்காகக் கீபோர்டில் சுருதியை ஏற்றி வைத்த மகள், இன்று அதை இறக்க மறந்துவிட்டாள். தம்பி உச்சிக்கு ஏறுகிறான். கழுத்து நரம்பு புடைக்கிறது, குரல் தகரம் கிழிவதுபோல் பிளக்கிறது. "இறக்குடி!" என்று தாய் பல்லைக் கடிப்பது ஸ்பீக்கரில் கேட்கிறது. "நடுவுல எப்படிம்மா இறக்குறது?" "அப்பா கழுத்து வெடிச்சப்புறம் இறக்கு!" பின்வரிசையில் யாரோ இருமலுக்குள் சிரிப்பை ஒளிக்கிறார்கள். மூன்று தலைமுறையாகப் பாட்டுக்குப் பேர்போன குடும்பம் எங்களுடையது. சம்பந்தி என் பக்கம் சாய்ந்து, மிகுந்த மரியாதையோடு, "தம்பிக்குச் சளியா, சம்பந்தி?" என்கிறார். "இல்லீங்க, பக்தி" என்கிறேன். இன்னும் இரண்டு சரணங்கள் இருக்கின்றன. இரண்டிலும் அந்த உச்சி வருகிறது. தம்பி கண்ணை மூடி மூச்சை இழுக்கிறான். சட்டென்று மைக்கும் கீபோர்டும் ஊமையாகின்றன. கரண்ட் போய்ப் பாட்டு நின்றதாகச் சம்பந்தி வீட்டார் பிறகு சொல்லித் திரிகிறார்கள். கரண்ட் போகவில்லை. முன்வரிசையில் என் காலடியில் இருந்த பிளக்கைப் பிடுங்கியவன் நான்.