மூன்று மில்லிமீட்டர்

முள் நின்றுவிட்டது.

கார்த்யாயினி டார்ச்சை இன்னும் கிட்டே கொண்டுபோனாள். கூரையைத் தொட்டுக்கொண்டு அதன் அசைவை அளந்துகொண்டிருந்த டயல் கேஜில் 2.90. அசையவில்லை.

மணி பதினொன்று. கெடு முடிந்தது.

கடலூருக்கு மேற்கே, செம்மண் குன்றின் உச்சியில் இருக்கும் அந்த மாதா கோவிலுக்குள் அப்போது இரண்டே பேர். சாரத்தின்மேல், சிதம்பரத்திலிருந்து வந்திருந்த இன்ஜினியர் கார்த்யாயினி. கீழே, கூரைக்கு மணல் மூட்டை ஏற்றி இறக்கும் வேலையைப் பார்த்துக்கொண்ட மேஸ்திரி தைரியராஜ்.

மற்றவர்களைக் கயிறு கட்டி வெளியே நிறுத்தியிருந்தார்கள். வாசலில் மாதா சிலை வைத்த கெபிக்கு முன்னால் ஜெபமாலைச் சத்தம் ஏறிக்கொண்டே போனது. எல்லாரையும்விட உரக்கச் சொன்னது அந்தோணிமேரி. போன திருவிழாவில் கூரைக் காரை பெயர்ந்து விழுந்தது அவள் தோளில்தான். அதுக்காவ கோவிலயே இடிப்பாங்களா என்று ஊரெல்லாம் சண்டை போட்டவளும் அவள்தான்.

இடிப்பதாகத்தான் முடிவாகியிருந்தது. புதுக் கோவிலின் படம் போட்ட பேனர் மலையடிவாரத்திலேயே தொங்கியது. எதற்கும் கடைசியாக ஒரு தடவை சோதித்துப் பார்த்துவிடலாம் என்று பங்குத்தந்தை கூப்பிட்டதால்தான் கார்த்யாயினி வந்தாள்.

சோதனை இதுதான். கூரைமேல் இருநூற்று நாற்பது மணல் மூட்டை, ஒரு நாள் முழுக்க. அந்தப் பாரத்தில் கூரை நாலு மில்லிமீட்டர் இறங்கியது. மூட்டைகளை எடுத்துவிட்டு இன்னொரு நாள் விட்டால், இறங்கியதில் முக்கால் பங்காவது தானாக எழும்ப வேண்டும். மூன்று மில்லிமீட்டர். எழும்பினால் கோவில் நிற்கும்.

எழும்பியது 2.90.

அவள் அண்ணாந்து பார்த்தாள். நடுவில் ஒரு தூண் கிடையாது. ஒரு துண்டு இரும்பு கிடையாது. இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு ஒரே பாய்ச்சலாகப் போகும் செங்கல் வளைவு. இருநூறு வருஷத்துக்கு முன் ஒரு பிரெஞ்சுச் சாமியார் கட்டியது. சுண்ணாம்புக்குப் பரங்கிப்பேட்டைக் கழிமுகத்திலிருந்து கிளிஞ்சல் வந்ததாம். செங்கல்லை ஜனங்கள் வரிசையாக நின்று கைமாற்றி மலையேற்றினார்களாம். தானே புயலில் பண்ருட்டிப் பக்கத்து முந்திரி மொத்தமும் சாய்ந்த அன்று, சுற்றியிருந்த குப்பத்து ஜனம் முந்நூறு பேர் இதற்குள்தான் ஒண்டியிருந்தார்கள்.

இதையெல்லாம் ரிப்போர்ட்டில் எழுத முடியாது. எண்ணைத்தான் எழுத முடியும்.

பேனாவைத் திறந்தாள்.

"எழுதாதீங்க மேடம்!"

தைரியராஜ் சாரத்துக் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகமெல்லாம் வேர்வை.

"எறக்கறப்ப பத்து மூட்டைக்கு மேல கிழிஞ்சுபோச்சு. வெறும் சாக்கத்தான் எறக்குனோம். மணலு மேலயே, நடு உச்சியில கெடக்குது. அதுவும் பாரந்தான?"

கார்த்யாயினிக்குச் சுருக்கென்றது. இறங்கிய சாக்குகளை எண்ணிக் கணக்குச் சரி என்று எழுதியிருந்தாள். மேலே ஏறிப் பார்க்கவில்லை.

அவள் பதில் சொல்வதற்குள் அவர் வெளியே ஓடிவிட்டார். ஏணி கடகடவென்று ஆடும் சத்தம். பிறகு தலைக்கு மேலே மண்வெட்டியின் கரகரப்பு. ஜன்னலுக்கு வெளியே வெயிலில் மணல் சரமாக இறங்கியது.

முள் சிலிர்த்தது.

"தொண்ணூத்தி ரெண்டு!" அவளை அறியாமல் கத்திவிட்டாள்.

ஜெபமாலை பாதியில் நின்றது. "தொண்ணூத்தி ரெண்டாம்!" என்று வெளியே யாரோ திருப்பிக் கத்தினார்கள்.

தொண்ணூற்று மூன்று. தொண்ணூற்று ஐந்து. அவள் கத்தக் கத்த, கயிற்றுக்கு அந்தப்பக்கம் இருநூறு குரல் சேர்ந்து கத்தியது. என்ன எண், எதற்கு எண் என்று பாதிப் பேருக்குத் தெரியாது. ஏறுகிறது என்பது மட்டும் தெரிந்தது.

தொண்ணூற்று எட்டில் நின்றது.

மண்வெட்டிச் சத்தமும் நின்றது. கார்த்யாயினி மூச்சை அடக்கிக்கொண்டாள். மேலே இப்போது வேறு சத்தம். சரக், சரக். அவர் மண்டியிட்டு வெறுங்கையால் வழிக்கிறார்.

தொண்ணூற்று ஒன்பது.

மூன்று.

மூன்று புள்ளி பூஜ்யம் நாலு.

இரண்டு தடவை படித்தாள். போட்டோ எடுத்தாள். அப்புறம் சாரத்திலிருந்து எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. வெறுங்காலோடு வாசலுக்கு ஓடிவந்து இரண்டு கையையும் தூக்கினாள். "நிக்கும்! நல்லா நிக்கும்!"

கயிறு அறுந்துபோனது. யாரோ கோவில் மணியைப் பிடித்து இழுத்தார்கள். அந்தோணிமேரி அவளைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் வைத்தாள். வெடிக்கு எங்கே போவது என்று ஒருத்தர் மலையிறங்கி ஓடினார்.

கூரை உச்சியில் தைரியராஜ் சட்டையைக் கழற்றிச் சுழற்றிக்கொண்டிருந்தார். கல்யாண ஊர்வலத்தில் ஆடுகிற ஆள் மாதிரி ஆடினார். உடம்பெல்லாம் மணல்.

கார்த்யாயினிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பக்கத்தில் நின்ற பங்குத்தந்தையிடம், "இவர் மட்டும் வாயத் தெறக்கலன்னா நான் இடிக்கணும்னு எழுதியிருப்பேன் ஃபாதர். யாரு இவரு, உங்க கோயில் ஆளா?" என்று கேட்டாள்.

பங்குத்தந்தை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"புதுக் கோவில் கான்ட்ராக்ட் அவருக்குத்தான் மேடம் குடுத்திருந்தோம்" என்றார். "திங்கக்கெழம இடிக்க வர்றதா இருந்தாரு."