பின் சீட்டு

“பின் சீட்டுக்கு மட்டும் புதுப் பஞ்சு, புதுத் தோல். வெள்ளிக்கிழமை வண்டியை ஆஸ்பத்திரி வாசலுக்குக் கொண்டுவந்துடுங்க,” என்றார் மாணிக்கவாசகம்.

சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் கார் சீட்டு தைக்கும் அருளப்பனுக்கு எரிச்சல். “முன் சீட்டுல கம்பி குத்துது சார். டிரைவரும் மனுஷன்தானே லா!”

“அது கிடக்கட்டும்.”

தன் சொகுசு மட்டும் பார்க்கும் முதலாளி என்று திட்டிக்கொண்டே தைத்தான்.

வெள்ளிக்கிழமை மாணிக்கவாசகம் ஒருவரைக் கைத்தாங்கலாக அழைத்துவந்து பின் சீட்டில் உட்காரவைத்தார். “என் டிரைவர் வீராசாமி. முதுகுல ஆபரேஷன். பத்து வருஷம் அந்தக் கம்பிமேல உட்கார்ந்து எனக்கு ஓட்டினார், ஒரு நாளும் சொல்லலை. இனி ஆறு மாசம் நான்தான் ஓட்டுவேன். எனக்கும் குத்தட்டும்.”

முன் சீட்டில் உட்கார்ந்தவர் துள்ளினார்.

பின்னாலிருந்து வீராசாமி சொன்னார், “கொஞ்சம் இடப்பக்கமா ஒதுங்கி உட்காருங்க ஐயா. அங்க குத்தாது.”