பட்டியலில் மூன்றாவது

தென்காசி சிவசைலம் வாத்தியார், ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் வரும் ‘அதிகம் விற்ற பத்து நூல்கள்’ பட்டியலைப் பார்த்துத்தான் புத்தகம் வாங்குவார். அவர் மனைவி பூங்கோதை எழுதிய நாவல் வெளிவந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. முதல் பிரதியை அவள் அவருடைய மேசையில்தான் வைத்தாள். அவர் பிரிக்கவே இல்லை.

அந்த வாரம் அது பட்டியலில் மூன்றாவதாக வந்திருந்தது. அன்று காலையே எடுத்து உட்கார்ந்தார். ஏழாவது அத்தியாயத்தில் ஒருத்தி, இறந்தே பிறந்த குழந்தையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரி மாடியில் தனியாகக் கிடக்கிறாள். அவள் கணவன் மேலே வரப் பயந்து, வெகுநேரமாகக் கீழே வாசலில் நிற்கிறான். அவள் ஜன்னல் வழியாக அவனைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். பிறகு வந்து, பஸ் கிடைக்கவில்லை என்கிறான்.

பத்தொன்பது வருடங்களுக்கு முன்னால் சிவசைலம் பூங்கோதையிடம் சொன்னதும் அதையேதான்.

புத்தகத்தோடு அடுக்களைக்குப் போனார். “படிச்சிட்டேன்” என்றார்.

“வந்த அன்னைக்கே படிச்சிருப்பீங்க, பேசக் கூச்சப்பட்டுக்கிட்டு இருக்கீங்கன்னுல்லா நெனச்சேன்” என்றாள் பூங்கோதை.

அப்படியே விட்டிருக்கலாம். அவருக்கு மனம் வரவில்லை.

“இல்ல, இன்னைக்குத்தான்.”

“பேப்பர்ல வந்த பெறவா?”

“ஆமா” என்றார். அவள் அடுப்பை அணைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

“சரி, இப்பமாவது சொல்லுங்க. ஏன் மேல வரல?”